மூன்று விடியல், மூன்று அந்தி: ஸயான்–பிரைஸா, மோவாபா?

அமெரிக்கத் தென்மேற்கின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளைப் படம் பிடிக்க நான்கு நாள் ஒதுக்குகிறவர்கள் வரைபடத்தைத் திறந்ததும் செய்கிற முதல் தப்பு, பூங்காக்களை எண்ணுவது. யூட்டா மாநிலத்தில் மட்டும் ஐந்து தேசியப் பூங்காக்கள். பக்கத்து அரிசோனாவில் கிராண்ட் கேன்யன். எல்லாம் கிட்டக் கிட்டத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆறையும் நான்கே நாளில் முடித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் படங்களில் பாதி, மதியம் ஒரு மணி வெயிலில் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவை.

நான் எண்ணுவது விடியலையும் அந்தியையும்தான். வியாழன் மதியம் போய் இறங்கி ஞாயிறு திரும்பினால் மூன்று அந்தி, மூன்று விடியல். கையிருப்பு அந்த ஆறு வேளைதான். இடையில் வரும் நேரமெல்லாம் சாப்பிட, தூங்க, வண்டி ஓட்ட. எந்தப் பாதை இந்த ஆறில் அதிகமானதைக் காப்பாற்றித் தருகிறது என்று பார்த்தால் போதும்.

போட்டியில் இருப்பவை மூன்று: ஒன்று, லாஸ் வேகஸில் இறங்கி ஸயானும் பிரைஸ் கேன்யனும்; இரண்டு, மோவாப் ஊரில் தங்கி ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும்; மூன்று, கிராண்ட் கேன்யன் தென்விளிம்பும் பேஜ் ஊரும்.

மூன்றாவதை முதலிலேயே கழித்துவிடுகிறேன். கோபம் வேண்டாம். கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கண்ணுக்கு அது பேரதிசயம், கேமராவுக்கு அதுவே தொல்லை. எதிர்க்கரை எட்டாத தூரத்தில் நீலமாகக் கரைந்து கிடக்கும். அளவு காட்ட முன்னால் ஒரு மரமோ பாறையோ தேடி அலைய வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பருவமழை மேகமும் மின்னலும் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. ஆனால் மின்னலை நம்பி விமான டிக்கெட் போட முடியுமா? பேஜ் பக்கம் இருக்கிற ஆன்டலோப் கேன்யன் தேசியப் பூங்காவே இல்லை, நவஹோ மக்களின் நிலம். வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம், சாதாரணச் சுற்றுலாவில் ட்ரைபாடுக்கு அனுமதி இல்லை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று வரிசையாக நகர்ந்துகொண்டே எடுக்க வேண்டும்.

சரி, மற்ற இரண்டுக்கு வருவோம்.

போய்ச் சேருவதில் ஸயான் ஜெயிக்கிறது. லாஸ் வேகஸுக்கு எங்கிருந்தும் விமானம் உண்டு, அங்கிருந்து சுமார் 260 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். மோவாபுக்கு சால்ட் லேக் சிட்டியில் இறங்கினால் கிட்டத்தட்ட நான்கு மணி நேர ஓட்டம். கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும், ஆனால் அது சின்ன விமான நிலையம், விமானங்கள் குறைவு. ஆக, மோவாப் போகிறவர் வியாழன் அந்தியை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். ஸயான்காரருக்கும் ஒரு சின்னப் பொறி உண்டு: நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடிவிடும். அதைக் கணக்கில் சேர்க்காமல் வழியில் நிதானமாகச் சாப்பிட்டால், போய்ச் சேரும்போது வெளிச்சம் போயிருக்கும்.

ஸயானின் குணம் வேறு. பெரிய பள்ளத்தாக்கு வடக்கு தெற்காக ஓடுகிறது, இருபுறமும் 600 மீட்டர் சுவர். அடிவாரத்துக்கு வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். அதனால் விடியலில் பூங்கா அருங்காட்சியகத்தின் பின்பக்கம் நின்று மேற்குச் சிகரங்களில் முதல் வெளிச்சம் இறங்குவதை எடுக்கலாம், அந்தியில் வர்ஜின் ஆற்றோடு வாட்ச்மேன் சிகரத்தை எடுக்கலாம். இரண்டும் நல்ல படங்கள்தான், ஆனால் இணையத்தில் ஏற்கெனவே லட்சக்கணக்கில் கிடப்பவை. வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை பள்ளத்தாக்குச் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை, ஷட்டில் பஸ்தான். ட்ரைபாடும் பையுமாகப் பஸ் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போது தலைக்கு மேல் பாறை சிவந்து வெளுத்துவிடும்.

ஸயானை நான் மதிப்பது நாரோஸுக்காக. ஆற்றுக்குள்ளேயே இறங்கி, முழங்கால் தண்ணீரில், சில இடங்களில் அதற்கும் மேல், எதிர்நீச்சலாக நடக்கிற இடம். மேலே ஒரு சுவரில் பட்ட வெயில் எதிர்ச் சுவருக்குத் துள்ளி, அங்கிருந்து தண்ணீரில் விழும்போது பாறை ஆரஞ்சாகவும் நிழல் நீலமாகவும் பிரியும். நேரடி வெயில் ஃப்ரேமுக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். காலை பத்து மணிக்குப் போய் உருப்படியாகப் படம் எடுக்க முடிகிற அபூர்வமான இடம் இது. திடீர் வெள்ள எச்சரிக்கை இருந்தால் மட்டும் கிட்டேயே போகாதீர்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் மலைமுனைக்கு 2022 முதல் குலுக்கல் முறையில்தான் அனுமதி. கிடைத்தால் ஏறுங்கள், கிடைக்காவிட்டால் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் பிரைஸ். விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல். வருடத்தில் பாதி நாட்களுக்கு இரவில் உறைந்து பகலில் உருகுவதால், விரிசலில் புகுந்த தண்ணீர் பனிக்கட்டியாகிப் பாறையைப் பிளந்து பிளந்து செதுக்கிய தூண்கள்தான் ஹூடூக்கள். அரங்கம் போன்ற அந்தச் சரிவு கிழக்கு பார்த்தது. சூரியன் எழுந்ததும் தூண்களின் பின்னாலிருந்து வெளிச்சம் வரும், ஒன்றில் பட்டது அடுத்ததில் தெறிக்கும், உள்ளே விளக்கேற்றி வைத்த மண்பானைகள் மாதிரி வரிசையாக ஒளிரும். இங்கே வைட் லென்ஸ் ஏமாற்றிவிடும். தூரத்தை இழுத்துக் காட்டும் 70–200 லென்ஸ் போட்டு நாலைந்து தூண்களை மட்டும் பிரித்தெடுத்தால்தான் படம். ஏப்ரல் கடைசியில் போயிருந்தேன், கீழே ஸயானில் அரைக்கைச் சட்டையோடு திரிந்த தைரியத்தில். விடிவதற்குள் விரல் மரத்துவிட்டது, பையில் இருந்த இரண்டு பேட்டரியும் படுத்துவிட்டன. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் சட்டைக்குள் கையை விட்டு, அக்குளிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்துக் காட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து என் பேட்டரிக்கும் அதே இடம்தான்.

பிரைஸின் பலவீனம் அதன் அந்தி. சன்செட் பாயின்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சூரியன் மறையும் நேரத்தில் அங்கிருந்து பார்த்தால் பள்ளம் முழுக்க நிழல். நட்சத்திரம் எடுக்க அருமையான இருட்டு, அதை வேண்டுமானால் அந்திக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்த்தால் ஸயானில் ஓர் அந்தி, ஒரு விடியல், பிரைஸில் இரண்டு விடியல். ஆறில் நான்கு. நடுவில் ஒருமுறை அறையைக் காலி செய்து மூட்டை கட்ட வேண்டும்.

மோவாபில் மூன்று இரவும் ஒரே கட்டில். ஆர்ச்சஸ் வாசல் 8 கிலோமீட்டர். கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் த ஸ்கை பகுதி முக்கால் மணி நேரம். இன்று மேகம் சரியில்லையா, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். இதற்கு விலை போடவே முடியாது.

அங்கே விடியலுக்கு மேசா ஆர்ச் என்ற இயற்கைப் பாறை வளைவு. படங்களில் பிரம்மாண்டமாகத் தெரியும், நேரில் பார்த்தால் நம்மூர்க் கல்யாண மண்டப வாசலைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. சூரியன் வந்ததும் கீழே உள்ள பாறைச்சுவரில் பட்ட வெளிச்சம் மேலே தெறித்து, வளைவின் அடிப்பாகம் தணல் மாதிரிச் சிவக்கும். செயற்கை ஒளி எதுவும் கிடையாது, அந்தச் சுவர்தான் ரிஃப்ளெக்டர். பிரச்சினை கூட்டம். ஒன்றரை மணி நேரம் முன்பே போனாலும் பதினைந்து ட்ரைபாட்கள், கால்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு நிற்கும். நான் செய்வது, சூரியன் தலைகாட்டும் நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுவது. ஸ்டார் மாதிரி சூரியனை எடுத்து முடித்து அரை மணி நேரத்தில் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள். வளைவு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அந்திக்கு டெலிகேட் ஆர்ச். போக வர 4.8 கிலோமீட்டர், நிழலே இல்லாத மொட்டைப் பாறையில் சுமார் 150 மீட்டர் ஏற்றம். கடைசித் திருப்பத்தில் திடீரென்று முன்னால் நிற்கும், பின்னால் லா சால் மலைகள், வசந்தத்தில் போனால் தலையில் பனியோடு. வளைவின் கீழே நின்று போஸ் கொடுக்க ஒரு வரிசை, வரிசை எப்போது கலையும் என்று காத்திருக்க எதிர்ச்சரிவில் ஒரு கூட்டம். ஆள் இல்லாத ஃப்ரேம் கடைசி ஐந்து நிமிடத்தில் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இறங்கும்போது தலைவிளக்கு கட்டாயம். பாதை என்று ஒன்றும் இருக்காது, அடுக்கி வைத்த கற்களைத் தேடித் தேடி இறங்க வேண்டும். அந்த விளக்கைப் படத்துக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள்: செயற்கை வெளிச்சம் பாய்ச்சி இரவுப் படம் எடுக்க இரண்டு பூங்காவிலும் தடை. ட்ரோனுக்கு எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் தடை.

மிச்ச வேளைகளுக்கு நார்த் விண்டோ வளைவின் வழியாகத் தெரியும் டரட் ஆர்ச் ஒரு விடியல், கிரீன் ரிவர் ஓவர்லுக் ஓர் அந்தி, டெட் ஹார்ஸ் பாயின்டில் இன்னொரு விடியல். வியாழன் அந்தி போனாலும் ஆறில் ஐந்து தேறுகிறது. மோவாபின் குறை மதியம்தான்: நாரோஸ் மாதிரி ஒதுங்க இடம் இல்லை, கோடையில் 38 டிகிரி தாண்டும். ஜூலையில் போவதானால் உயரத்தில் இருக்கும் பிரைஸே மேல். இன்னொன்று, ஆர்ச்சஸில் 2022 முதல் சில ஆண்டுகள் நெரிசல் மாதங்களில் நேரம் குறித்த முன்பதிவு வைத்திருந்தார்கள். விதி ஆண்டுக்காண்டு மாறுவதால் டிக்கெட் போடும் முன்பே பூங்காவின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணக்கணக்கும் இப்போது மோவாப் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆர்ச்சஸும் கேன்யன்லேண்ட்ஸும் இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை.

என் ஓட்டு மோவாபுக்கு, மார்ச் கடைசி முதல் மே வரை, அப்புறம் அக்டோபர். நவம்பர் தொடக்கத்தில் மட்டும் மாற்றிப் போடுவேன்: அந்த வாரங்களில் ஸயான் ஆற்றோரக் காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகி, பின்னால் செம்பாறை நிற்கும்போது, பஸ் வரிசையைக்கூட மன்னித்துவிடலாம்.