58 வயதில் மறுபடியும் டிரைவிங் ஸ்கூல்: அல்சூர் அனுபவம்

பெங்களூர் அல்சூர் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது இந்த டிரைவிங் ஸ்கூல். மகளைச் சேர்க்கத்தான் போனேன். லைசென்ஸ் உள்ளவர்களுக்கென்று தனியாக ஐந்து நாள் வகுப்பு, 3,000 ரூபாய் என்று பலகையில் எழுதியிருந்தது. எனக்கு 58 வயது. போன மாதம்தான் லைசென்ஸைப் புதுப்பித்தேன். 55 தாண்டிவிட்டால் ஐந்து வருஷத்துக்குத்தான் தருகிறார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்ட படிவம் 1ஏ கேட்டார்கள், கொடுத்தேன். வண்டியை எப்படி ஓட்டுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது உறுத்திக்கொண்டே இருந்ததால் எனக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். மகளுக்கு ஒரே சிரிப்பு.

மாஸ்டர் கன்னடக்காரர், அறுபதைத் தாண்டியவர், தமிழ் பாதி கன்னடம் பாதியாகப் பேசுவார். முதல் நாள் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் டின் ஃபேக்டரி வரை போய்த் திரும்பினோம். நாற்பது நிமிஷமும் மனிதர் வாயே திறக்கவில்லை. மடியில் ஒரு பழைய டைரி, அதில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். இறங்கியதும் காட்டினார். நான் கண்ணாடி பார்த்த கணக்காம் அது. ஒன்பது கோடு. அடுத்து என் மகள் ஏரியைச் சுற்றி இருபது நிமிஷம் ஓட்டினாள், முப்பத்துநாலு கோடு! “கன்னடி நோடி சார்” என்றார், அவ்வளவுதான். கன்னடத்தில் கண்ணாடிக்குக் கன்னடி என்றுதான் பெயர், மொழிபெயர்க்கத் தேவையில்லாத திட்டு.

இரண்டாம் நாள் இடைவெளிப் பாடம். முன்னால் போகிற வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது ‘ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு’ என்று எண்ண வேண்டும். எண்ணி முடிப்பதற்குள் நாம் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறோம் என்று அர்த்தம். அறுபதில் போனால் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர், அதாவது ஒன்றரை டவுன் பஸ் நீளம். பிரேக்கை மிதிக்க நினைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் ஓடிவிடுகிறது. “அத்தனை இடம் விட்டால் பெங்களூரில் ஆட்டோ நுழைந்துவிடுமே” என்றேன். “நுழையட்டும், மறுபடி எண்ணுங்க. கே.ஆர். புரம் போறதுக்குள்ள எத்தனை ஆட்டோ வரும்? பத்து?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கதவு திறக்கும் பாடம். டிரைவர் சீட்டில் இருந்து இறங்கும்போது வலது கையால் திறக்காமல் இடது கையால் திறக்கச் சொல்கிறார். கை அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் உடம்பு தானாகவே திரும்பியாக வேண்டும், பின்னால் வருகிற டெலிவரி பையனின் ஸ்கூட்டர் கண்ணில் படும். 31 வருஷமாக இது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து எங்கள் காரின் பின்சீட் பெல்ட்டைத் தேடினேன். கொக்கி ரெக்சின் உறைக்கு அடியில் புதைந்து கிடந்தது, கூடவே திருப்பதி போனபோது வாங்கிய பார்க்கிங் சீட்டும். பின்சீட்டில் பெல்ட் போடாவிட்டாலும் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. உறையைப் பிளேடால் கிழித்துக் கொக்கியை வெளியே எடுத்தேன். மனைவிக்கு உறை போன வருத்தம் இன்னும் தீரவில்லை.

குறைகளும் உண்டு. நான்காம் நாள் மாஸ்டர் வரவில்லை, பதிலுக்கு வந்த பையன் பாதி நேரம் போனில் பேசிக்கொண்டிருந்தான். பாதுகாப்பு வகுப்பில் போன்! ஆபீஸில் சொன்னதும் அந்த ஒரு மணி நேரத்தைச் சனிக்கிழமை ஈடு செய்தார்கள், அது சரி. சனிக்கிழமை மாடியில் நடக்கும் வகுப்பு வெறும் விபத்து வீடியோக்கள், வாட்ஸப்பில் எல்லோரும் பார்த்தவைதான், தவறவிட்டால் நஷ்டமில்லை. காரில் ஏசி வேலை செய்யவில்லை. அதனால் சேர்பவர்கள் காலை ஏழு மணி வகுப்பைக் கேளுங்கள், டைரி வைத்திருக்கும் மாஸ்டர்தான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.