வண்ணாரப்பேட்டையிலிருந்து டொரண்டோவுக்குக் கப்பலேறிய வீட்டுச் சாமான்கள்: மூன்று ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

2022-இல் பழைய வண்ணாரப்பேட்டை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கனடாவின் டொரண்டோ நகரில் தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோ பகுதிக்குக் குடிபெயர்ந்தபோது, அன்றாடம் புழங்கும் சாமான்களில் ஒரு பகுதியைக் கப்பலில் அனுப்பினோம். விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ என்று எங்களுக்கு அனுமதி இருந்தது. துணிமணியும் சான்றிதழ்களும் அதற்குள் அடங்கிவிட்டன, மீதிதான் கப்பலுக்குப் போயிற்று. அந்தச் சாமான்களோடு மூன்று ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்திவிட்டதால், எதை அனுப்பியது தகும், எதை அனுப்பியது தண்டம் என்று இப்போது ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது.

வீட்டுப் பெரியவர்கள் முதலில் கழித்துக்கட்டியது கனமான பொருட்களைத்தான். கிரைண்டர், இரும்புத் தோசைக்கல், இடிகல், எவர்சில்வர் அண்டா எல்லாம் வேண்டாம். தலையணை, போர்வை, பிளாஸ்டிக் டப்பாக்கள் போகட்டும் என்பது அவர்கள் கணக்கு. பேருந்துக்கும் விமானத்துக்கும் அது பொருந்தலாம், கப்பலுக்குப் பொருந்தாது. முழுக் கண்டெய்னர் பிடிக்காமல் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும் எல்.சி.எல். முறையில் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், இவற்றில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். வீட்டுச் சாமான்களை மொத்தமாகக் கட்டினால் ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் எடை வராது என்பதால், நாம் கொடுப்பதெல்லாம் இடத்துக்கான வாடகையே. இரண்டு தலையணை அடைத்துக்கொள்ளும் இடத்தில் ஒரு கிரைண்டர் போகும், இரண்டுக்கும் ஒரே காசு. கூரியரிலோ நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வார்கள். உண்மையான எடை அதைவிடக் கூடினால் அதற்குக் கட்ட வேண்டும். 60, 45, 45 அளவுள்ள பெட்டியில் வெறும் பஞ்சை வைத்தாலும் 24.3 கிலோ என்றுதான் பில் வரும். அதே அளவுப் பெட்டிகள் கப்பலில் ஒரு கன மீட்டருக்குள் எட்டு அடங்கும்.

இடத்துக்குத்தான் காசு என்றால் அளப்பது எப்படி என்பது முக்கியமாகிவிடுகிறது. எங்கள் தெருவுக்குள் லாரி நுழையாது என்பதால் குட்டியானை வண்டி ஒன்றில் ஏற்றி, மாதவரம் பக்கத்துக் கண்டெய்னர் கிடங்கு ஒன்றுக்குச் சாமான்களைக் கொண்டுபோனோம். அங்கே அளந்தவர் டேப்பைப் பெட்டியின் விளிம்பில் வைக்காமல், துணி திணித்து உப்பியிருந்த நடுப்பகுதியில் வைத்தார். ஏனென்று கேட்டதற்கு, "வயிறு தள்ளியிருந்தா அதையும் சேத்துதாம்மா அளப்போம்" என்றார். பக்கவாட்டில் இரண்டு இரண்டு சென்டிமீட்டர் உப்பினாலும் பெட்டிகளையெல்லாம் கூட்டும்போது அது கணிசமான இடமாகிறது. அடியில் மரப் பலகைத் தட்டு வைத்து அடுக்கினால் அதன் உயரமும் கணக்கில் சேரும். ஆகையால் அட்டைப் பெட்டியை முக்கால் வயிற்றுக்கு மேல் நிரப்பாமல், மூலைகளில் மட்டும் துணியை அணைத்துக் கட்டுவதே லாபம்.

பேக்கிங் ஆள் மரக்கூடு அடித்துத் தருவதாகச் சொன்னால், அந்த மரத்தில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சி பரவாமலிருக்க, மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றியதற்கோ, மருந்துப் புகை காட்டியதற்கோ ஆன அடையாளம் அது. முத்திரை இல்லாத மரம் போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் வம்பாகும். நாங்கள் மரத்தின் பக்கமே போகவில்லை. காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாமே கட்டிய பெட்டிக்குள் பொருள் உடைந்தால் பெரும்பாலான காப்பீடுகள் இழப்பீடு தராது, தொழில்முறையில் கட்டியவற்றுக்கே தரும். உடையக்கூடியது எதையும் அனுப்பாமல் விட்டதால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

எங்களுக்கு மனக்கசப்பு தந்தது கட்டண விஷயம். சென்னை ஏஜென்ட் கொடுத்த தொகை துறைமுகம் வரைக்குமானது; அந்தப் பக்கத்தில் கண்டெய்னரைப் பிரிக்கும் செலவு, ஆவணக் கட்டணம், கிடங்கு வாடகை ஆகியவை அதில் சேரா. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கட்டண விவரத் தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. சென்னையில் கட்டியதற்குக் கிட்டத்தட்ட ஈடான தொகையை டொரண்டோவிலும் கட்டிய பிறகே சாமான் கைக்கு வந்தது. எனவே, வீட்டு வாசல் வரைக்குமா, துறைமுகம் வரைக்குமா என்பதையும், அங்கே யாருக்கு என்னென்ன கட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. நாட்களைப் பற்றியும் அதிகம் நம்ப வேண்டாம். எங்கள் பெட்டிகள் கொழும்பில் கப்பல் மாறி, கனடாவின் கிழக்குக் கரையில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் டொரண்டோ வந்தன. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு பல நிறுவனங்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதால், எங்களுக்குப் பின் அனுப்பியவர்கள் இன்னும் அதிகமாகக் காத்திருந்தார்கள்.

சுங்கத்தில் கனடா விதி தெளிவானது. குடியேறுபவர் வந்து இறங்கும் முன்பே பொருள் அவருடையதாகவும், அவர் கைவசமும், பயன்பாட்டிலும் இருந்திருந்தால் வரியில்லை. ஆனால் முதல் முறை இறங்கும்போதே, பின்னால் வரும் பொருட்களின் பட்டியலை பி.எஸ்.எஃப்.186 படிவத்துடன் அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்கிவிட வேண்டும். கப்பல் வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்தச் சலுகையே சிக்கலுக்குள்ளாகும். கனடா மின்சாரத்துக்கென்று வாங்கிய 110 வோல்ட் கிரைண்டரைச் சென்னையில் ஓட்டிப் பார்க்க வழியில்லை என்பதால், அதைப் புதியது என்றே எழுதி ரசீதையும் இணைத்தேன். பயன்பாட்டுப் பொருளென்று மழுப்புவதைவிட அது நிம்மதி.

இனி பொருட்கள். நாங்கள் அனுப்பியவற்றில் கிரைண்டருக்கு முதலிடம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்மூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மிக்சியின் மோட்டார் ஹெர்ட்ஸைப் பொருட்படுத்தாது, போதிய வாட் திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஓடிவிடும். கிரைண்டரின் மோட்டார் அப்படியல்ல, வோல்டேஜை மாற்றிக் கொடுத்தாலும் 60 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். அதனால் வெளிநாடு செல்வோருக்கென்றே வரும் மாடலை வாங்கினோம், இன்றுவரை வாரந்தோறும் மாவரைக்கிறது. பழைய இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோனவர்களையும் கண்டிருக்கிறேன். பாதி வோல்டேஜில் அது கால்வாசிச் சூடுதான் ஏறும், சட்டைச் சுருக்கம் அப்படியே இருக்கும். போன், மடிக்கணினி சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை, பிளக் மாற்றி போதும்.

தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தோம். கண்டெய்னருக்குள் ஈரம் கோத்துச் சொட்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால் செய்த காரியம் அது. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. இடிகல் தினமும் இஞ்சி பூண்டு தட்ட உதவுகிறது. குழிந்த அடியுள்ள இரும்பு வாணலிதான் இங்கே நிற்கவில்லை. வாடகைக் குடியிருப்பில் இருப்பது சுருள் கம்பி மின்னடுப்பு. அதன்மேல் வாணலி ஆடிக்கொண்டே இருக்கும், சூடும் நடுவில் மட்டும் ஏறும். தட்டை அடியுள்ளது வாங்கிக்கொண்டோம். அரிவாள்மனை பலகையோடு வந்தது, சுங்கத்தில் யாரும் தடுக்கவில்லை. உறைந்த தேங்காய்த் துருவலும் நறுக்கிய காய்கறியும் கடையில் கிடைக்கிற ஊரில் அது அலமாரிக்கடியிலேயே கிடக்கிறது. குக்கர் கேஸ்கட், வெயிட், மிக்சி கப்ளர் ஆகியவற்றைப் பாரிமுனையில் ஒரு கைப்பிடி வாங்கிப் போட்டது, செலவைப் பார்த்தால் எல்லாவற்றிலும் சிறந்த முதலீடு.

எம்.சி. ரோட்டில் ஆசையாக வாங்கிய 90-க்கு 100 அங்குலப் படுக்கை விரிப்புகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே குயீன் மெத்தை 60-க்கு 80 அங்குலம், கனமோ ஒரு அடியை நெருங்கும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இழுத்துச் செருகத் துணி போதாமல் காலையில் சுருண்டு கிடக்கும். அவை இப்போது சோபாவுக்கு உறையாகின்றன. புத்தகங்கள் மட்டும் கணக்கில்லாமல் வந்தாலும் தகும், ஏனென்றால் எடைதான் அதிகம், இடம் கொஞ்சம். மசாலாப்பொடி, வற்றல் எதையும் கப்பல் பெட்டியில் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது: மாதக்கணக்கில் வண்டு பிடிக்கும், பரிசோதனையில் பெட்டி முழுவதும் நிற்கும், தவிர ஸ்கார்பரோ கடைகளில் கிடைக்காத பொடி அரிது.

இப்போது திருவொற்றியூரில் இருக்கும் என் தம்பி இங்கு வரத் தயாராகிறான். அவன் அனுப்பிய பட்டியலில் ஏர்கூலரையும் நான்கு தலையணைகளையும் அடித்துவிட்டு, "கனமாச்சே அக்கா" என்று அவன் ஒதுக்கியிருந்த கிரைண்டரைச் சேர்த்தேன். அம்மாவின் தையல் இயந்திரத்தைப் பற்றி மட்டும் இன்னும் பேச்சு ஓடுகிறது. கைச்சக்கரம் மாட்டினால் வோல்டேஜ் தொல்லை இல்லை, இங்கே ஒரு பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கக் கேட்கும் கூலியும் கொஞ்சமல்ல. தலைப்பகுதியை மட்டும் கழற்றி அனுப்பு, மரப் பலகையும் மிதிகட்டையும் உள்ள அடிப்பாகம் அம்மாவிடமே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறேன்.