‘பெட்டி நேராகப் போய்விடும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்: வேட்டைத் துப்பாக்கியும் வெளிநாட்டு லேஓவரும்

வேட்டைக்கு ரைபிளோடு விமானம் ஏறுகிறவர்களுக்கான எச்சரிக்கை இது. ‘டிக்கெட்டிலிருந்து துப்பாக்கி அனுமதி வரை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்லித் தனிக் கட்டணம் வாங்கும் பயண ஏஜென்சிகள் இருக்கின்றன. அப்படி ஒரு ஏஜென்சி சென்ற சீசனில் நான்கு பேருக்கு விற்ற பயணத்தை இங்கே பிரித்துக் காட்டுகிறோம். பெயர் எழுதப்போவதில்லை. அதே பேச்சை வேறு யார் பேசினாலும் உங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பயணம் இதுதான்: அட்லாண்டாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம், அங்கே சில மணி நேர லேஓவர் (அடுத்த விமானத்துக்கான இடைத்தங்கல்), பிறகு ஜோகன்னஸ்பர்க். அங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை வேறு நிறுவனத்தின் விமானத்தில் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக். முதல் இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர்., அதாவது ஒரே முன்பதிவு எண். கடைசிப் பயணம் தனி டிக்கெட், தனி பி.என்.ஆர். இது மலிவாகக் கிடைத்ததால் இப்படிக் கோத்துவிட்டார்கள். துப்பாக்கி பற்றிக் கேட்டதற்கு ஏஜென்சி அனுப்பிய மெயிலில் ஒரே ஒரு வரி: ‘பெட்டி நேராக விண்ட்ஹூக் போய்விடும், நடுவில் நீங்கள் தொடவே வேண்டாம்.’

அட்லாண்டா செக்-இன் கவுன்ட்டரில் கேட்ட முதல் கேள்வி, டச்சுச் சுங்கத்தின் ஒப்புதல் கடிதம் எங்கே என்பது. அது இல்லை. நான்கு ரைபிளும் ஏற்றப்படவில்லை. ஏஜென்சிக்கு போன் போட்டால், ‘ஆவணங்களுக்கு இறுதிப் பொறுப்பு பயணியுடையது’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனையைப் படித்துக் காட்டினார்கள். துப்பாக்கி உதவிக் கட்டணம் என்று தனியாக வாங்கிய பணமும் திரும்பவில்லை.

அந்த ஒரு வரி மெயிலில் மூன்று தப்பு இருக்கிறது. மூன்றையும் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது ஆம்ஸ்டர்டாம். அங்குள்ள ஷிபோல் விமான நிலையம் வழியாகத் துப்பாக்கி கடந்து போவதற்கே நெதர்லாந்துச் சுங்கத்தின் ஒப்புதல் தேவை. பெட்டி உங்கள் கைக்கு வராமல் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் தேவைதான். இதை வழங்குவது குரோனிங்கன் நகரில் உள்ள சுங்கத்துறையின் இறக்குமதி-ஏற்றுமதிப் பிரிவு. பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், புறப்படும் நாளில் கவுன்ட்டரில் நின்று வாங்கக்கூடியது அல்ல. திரும்பி வரும்போதும் அதே ஊர் வழி என்றால் அந்தப் பயணத்தையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். போவதற்கு மட்டும் வாங்கிவிட்டு, வரும்போது ரைபிளோடு ஆப்பிரிக்காவில் மாட்டிக்கொள்வது இன்னும் மோசம்.

இரண்டாவது, தனி டிக்கெட். இரண்டு பி.என்.ஆர். இருந்தால் பெட்டி முதல் டிக்கெட் முடிகிற ஊரோடு நின்றுவிடும் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விமானம் மறுநாள்தான் என்றால் சந்தேகமே வேண்டாம். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியதும் பெட்டி மற்ற சாமான்களோடு பெல்ட்டில் வராது, ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் உள்ள தென்னாப்பிரிக்கப் போலீஸின் துப்பாக்கி அலுவலகத்துக்குப் போகும். அங்கே எஸ்ஏபிஎஸ் 520 என்ற தற்காலிக இறக்குமதி அனுமதி இல்லாமல் வெளியே எடுக்க முடியாது. ஒரே டிக்கெட்டில், அதே நாளில், கடைசி ஊர் வரை டேக் போட்ட பெட்டிதான் இந்த அலுவலகத்தைத் தொடாமல் போகும். ஓர் இரவு தங்கல் என்றாலே அது தென்னாப்பிரிக்காவுக்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்ததாகத்தான் ஆகும்.

அந்த எஸ்ஏபிஎஸ் 520 படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்ப வேண்டும். கையெழுத்தை மட்டும் அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். வீட்டிலேயே போட்டுக் கொண்டுபோனால் புதிதாக எழுதச் சொல்வார்கள். கூடவே பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், வேட்டை ஏற்பாட்டாளரின் அழைப்புக் கடிதம், துப்பாக்கி உங்களுடையது என்பதற்கான சான்று ஆகியவை வேண்டும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு அந்தச் சான்று சுங்கத்தின் 4457 படிவம். ரைபிளை நேரில் எடுத்துக்கொண்டு போய் அமெரிக்கச் சுங்க அலுவலகத்தில் முத்திரை வாங்க வேண்டும். ஊர் திரும்பும்போது அது உங்கள் பழைய துப்பாக்கிதான், வெளிநாட்டில் வாங்கியது அல்ல என்று காட்டவும் இதே காகிதம்தான். இரண்டு படிவத்திலும் சீரியல் எண் ஓர் எழுத்து பிசகாமல் இருக்கட்டும். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுதியிருந்தால்கூட அதிகாரி ரைபிளை வெளியே எடுத்து, விளக்கு வெளிச்சத்தில், தோட்டாவை ஏற்றிச் சுடும் பகுதியான ஆக்‌ஷனில் பொறித்த எண்ணோடு ஒப்பிடுவார். அதற்குள் அடுத்த விமானம் போய்விடும். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: போலீஸ் இந்த அனுமதிக்குக் கட்டணம் வாங்குவதில்லை. முன்கூட்டியே அனுமதி எடுத்துத் தந்து, இறங்குமிடத்தில் கூட வந்து நிற்கும் தனியார் சேவைகள் கட்டணம் வாங்குவது நியாயம்தான், வேலை செய்கிறார்கள். ஆனால் ‘பெர்மிட் ஃபீஸ்’ என்று யாராவது அங்கேயே ரொக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது தப்பு வெளியே தெரியாதது, அதனால்தான் நிறைய பேர் இதில் விழுகிறார்கள். துப்பாக்கி இருப்பதை முன்பதிவில் பதிவதற்கு விமானத் துறையில் ஒரு குறியீடு உண்டு: டபிள்யூஇஏபி. இதை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் ஆனால் பக்கத்தில் ஹெச்கே என்று வரும். என்என் என்றால் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. யூசி என்றால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏஜென்சி முதல் விமானத்துக்கு மட்டும் ஹெச்கே வாங்கிவிட்டு ‘கன்ஃபர்ம் ஆகிவிட்டது’ என்று மெயில் அனுப்பும். அதனால் வெறும் வாய்வார்த்தையோ வாட்ஸ்அப் செய்தியோ போதாது. பி.என்.ஆர். திரையின் முழு நகலைக் கேளுங்கள், ஒவ்வொரு விமான எண்ணுக்கும் எதிரே ஹெச்கே இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கோட்ஷேர் டிக்கெட்டில் (ஒரு நிறுவனம் விற்று, இன்னொன்று ஓட்டும் விமானம்) இன்னும் கவனம்: டிக்கெட்டில் யார் பெயர் இருந்தாலும், விமானத்தை ஓட்டுகிற நிறுவனத்தின் துப்பாக்கி விதிதான் செல்லும்.

இனி மற்ற ஊர்கள். அமெரிக்கரல்லாத வேட்டைக்காரர்களுக்கு மிகப் பெரிய பொறி அமெரிக்க லேஓவர். அங்கே வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு என்று தனி ட்ரான்ஸிட் பகுதி கிடையாது. மயாமியில் இரண்டே மணி நேரம் நின்று அர்ஜென்டினா போவதானாலும் குடிவரவு தாண்டி, பெட்டியைக் கையில் எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அந்த நிமிடமே அது துப்பாக்கி இறக்குமதி. அதற்கு அமெரிக்காவில் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் ஏடிஎஃப் துறையின் 6 என்ஐஏ படிவத்தில் முன்னனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் வருகிறவர் துப்பாக்கி வைத்திருக்க, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கும் கையில் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் மயாமி வழியாக டிக்கெட் போடும் ஏஜென்ட்டுக்கு இந்த வேலையே தெரியாது.

கனடாவில் பெட்டியை எடுக்க நேர்ந்தால் ஆர்சிஎம்பி (கனடாவின் மத்திய போலீஸ்) 5589 அறிவிப்புப் படிவம், 25 கனடிய டாலர், 60 நாள் செல்லும். இதிலும் கையெழுத்து அதிகாரி முன்னால்தான். கைத்துப்பாக்கி வேண்டவே வேண்டாம், அதன் இறக்குமதியை 2022-லேயே மூடிவிட்டார்கள்.

லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுகிற டிக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் பெட்டியோடு ஊரைக் கடக்க பிரிட்டன் போலீஸ் தரும் விருந்தினர் பெர்மிட் வேண்டும். அதற்கு விண்ணப்பிப்பவர் பிரிட்டனில் வசிக்கும் ஒரு பொறுப்பாளர், நீங்கள் அல்ல. வழிப்போக்கருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? அந்த டிக்கெட்டை ஒதுக்கிவிடுங்கள்.

‘ஐரோப்பியத் துப்பாக்கி பாஸ் எடுத்துத் தருகிறோம்’ என்ற பேச்சும் உண்டு. அந்தப் பாஸை ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தங்கள் நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே தருகின்றன. வெளியாருக்கு விற்பதாகச் சொன்னால் அது மோசடி, வேறு பெயர் வைக்க முடியாது. ஒன்றியத்திலிருந்து பிரிந்த பின் பிரிட்டனில் வசிப்பவர்களுக்கும் அது கிடையாது.

விமானம் தவறிப்போனால் என்ன ஆகும் என்பதை எந்த ஏஜென்சியும் பேசாது. 2005-ல் நியூவார்க்கில் நடந்ததைச் சொன்னால் புரியும். இணைப்பு விமானத்தைத் தவறவிட்ட பயணி ஒருவர், முறைப்படி அறிவித்துப் பூட்டிய கைத்துப்பாக்கி இருந்த பையை வாங்கிக்கொண்டு ஹோட்டலில் இரவு தங்கினார். காலையில் கவுன்ட்டரில் மறுபடி நேர்மையாக அறிவித்தபோது கைது. மாநிலங்களுக்கிடையே துப்பாக்கி கொண்டுபோவதைப் பாதுகாக்கும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு உதவாது, பை ஹோட்டலில் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அனுமதி இல்லாத ஊரில் இரவு மாட்டினால், ஊழியர் பெட்டியை நீட்டினாலும் வாங்காதீர்கள். சுங்கத்தின் அல்லது விமான நிலையப் போலீஸின் காவலில் வைக்கச் சொல்லி, அதற்கு ரசீது கேளுங்கள். மாற்று விமானம் தரும்போது வேறு ஊர் வழியாகத் திருப்பிவிட்டால் அங்கே உங்களுக்கு அனுமதி இல்லை என்பதை அப்போதே சொல்லுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் அனுமதி வாங்கிய ஊர் வழியே போவதுதான் நல்லது.

பெட்டி, தோட்டா விஷயத்தில் ஏஜென்சிகள் தரும் குறிப்புகள் பெரும்பாலும் புறப்படும் நாட்டின் விதியோடு நின்றுவிடும். அமெரிக்க உள்நாட்டு விதிப்படி முறையாகப் பெட்டியிலடைத்த தோட்டாவை ரைபிளோடு ஒரே பெட்டியில் வைக்கலாம். அதே பெட்டி அடுத்த ஊரில் மறுக்கப்படும். எப்போதும் தனியே, பூட்டுள்ள சிறு பெட்டியில், வேறொரு செக்-இன் பைக்குள் வையுங்கள். ஒருவருக்கு 5 கிலோ, அதுவும் அட்டைப்பெட்டி எடையோடு சேர்த்து. இருவர் பங்கை ஒரே பெட்டியில் சேர்க்கக் கூடாது. தென்னாப்பிரிக்கா ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை விடுகிறது என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்: .375 ஹெச் அண்ட் ஹெச் போன்ற கனத் தோட்டா ஒன்றே சுமார் 40 கிராமுக்கு மேல், 5 கிலோவுக்குள் நூற்றுச் சொச்சம்தான் அடங்கும். தோட்டாவின் அடியில் பொறித்த காலிபரும் குழலில் உள்ள காலிபரும் ஒன்றாக இருக்க வேண்டும். வெடிமருந்துத் தூளும் அதைப் பற்றவைக்கும் பெர்கஷன் கேப்பும் எந்தப் பையிலும் கூடாது.

ரைபிளின் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றிக் கைப்பையில் போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனையில் அது துப்பாக்கி பாகம், கைப்பையில் தடை. ரைபிள் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பெட்டியின் எல்லா பூட்டுத் துளைகளிலும் பூட்டு மாட்டியபின் மூடியின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள், விரல் நுழைந்தால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்புவார்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையைக் கைப்பையாக எடுக்கவே எடுக்காதீர்கள். 2024-ல் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளில், பையில் மறந்து கிடந்த சில தோட்டாக்களுக்காகச் சுற்றுலாப் பயணிகள் கைதானார்கள். அப்போது அங்கே சட்டம் சொன்ன குறைந்தபட்சத் தண்டனை 12 ஆண்டு.

கவுன்ட்டரை விட்டு நகரும் முன் கையில் தரும் டேக் துண்டைப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்துதான் பெட்டி போய்ச் சேரும் ஊர். இந்த நால்வர் பயணத்தில் ஆம்ஸ்டர்டாம் தடை இல்லாமல் போயிருந்தாலும் அங்கே ஜேஎன்பி என்றுதான் அச்சாகியிருக்கும், விண்ட்ஹூக்கின் டபிள்யூடிஹெச் வந்திருக்காது. ஏஜென்சி சொன்னதும் டேக் சொல்வதும் வேறானால் டேக் சொல்வதே உண்மை. அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை மீட்பது பற்றி. விமானப் பயணிகளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதியைக் காட்டி இழப்பீடு கேட்கலாம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள், அதற்கும் கமிஷன் கேட்பார்கள். ஆவணம் போதாமல் ஏற்ற மறுத்ததற்கு அதில் இடமில்லை. ஏஜென்சி எழுத்தில் உறுதியளித்த சேவையைச் செய்யவில்லை என்று கார்டு வங்கியிடம் தகராறு எழுப்புவதுதான் நடைமுறையான வழி. அதற்கு அந்த ஒரு வரி மெயிலும், கட்டண ரசீதும், ஏற்க மறுத்த கவுன்ட்டரில் காரணத்தோடு எழுதி வாங்கிய குறிப்பும் சேர்ந்தால்தான் வலு.

பெட்டி தாமதமானால் அல்லது அடிபட்டு வந்தால், கடைசியாகப் பறந்த நிறுவனத்தின் கவுன்ட்டரில் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் அறிக்கை பதியுங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). நல்ல ஸ்கோப் ஒன்றுக்கே அது பத்தாது. அதனால் ரைபிளின் மதிப்பைச் செக்-இன்னிலேயே தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டுங்கள், அல்லது பயணத்துக்கு முன் ரைபிளையும் ஸ்கோப்பையும் சீரியல் எண்ணோடு பெயர் குறிப்பிட்டுத் தனி இன்ஷூரன்ஸ் எடுங்கள்.