சி++ உறுப்புகளை எங்கே ஒளிப்பது: பாயின்டரா, எக்ஸ்டென்ஷனா?

ஆப்பிள் ஆப்கள் எழுதும் மொழியான ஆப்ஜெக்டிவ்-சியில், மற்ற ஃபைல்கள் இம்போர்ட் செய்யும் ஹெடரில் ஒரே ஒரு சி++ வெக்டரை (நீளம் மாறும் பட்டியல்) வைத்துப் பாருங்கள். அதை இம்போர்ட் செய்யும் சாதாரண 'எம்' ஃபைல் (வெறும் ஆப்ஜெக்டிவ்-சி) ஒன்றும் கம்பைல் ஆகாது. எல்லாவற்றையும் 'எம்எம்' (சி++ஐயும் கலக்கலாம்) என்று பெயர் மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

பழைய வழி பிம்பிள், அதாவது உள் விவரங்களை ஒரு பாயின்டருக்குப் பின்னால் ஒளிப்பது. ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்டின் பெயரை மட்டும் அறிவித்து, அதற்கு ஒரு பாயின்டர். உள்ளே என்ன என்று சி கம்பைலர் கேட்காது. ஆனால் ஆப்ஜெக்ட் உருவாகும் இனிட்டில் நியூ, அழியும் டீலாக்கில் டெலீட், இரண்டும் நம் தலையில். ஆர்க் (ஆப்ஜெக்டிவ்-சியின் தானியங்கி மெமரி மேலாண்மை) பார்த்துக்கொள்ளும் என்று அசந்தால் மெமரி கசியும், நானும் அசந்திருக்கிறேன். தானே டெலீட் செய்துகொள்ளும் யூனிக் பாயின்டரை ஹெடரில் போடலாமே என்றால், அதுவும் சி++தான், பழைய குருடி கதவைத் திறடி!

இன்னொரு வழி கிளாஸ் எக்ஸ்டென்ஷன்: ஹெடருக்கு வெளியே கிளாஸுக்கு உறுப்புகளைச் சேர்க்கும் பகுதி. அதில் வைத்தால் வெக்டர் எம்எம் ஃபைலுக்குள்ளேயே இருந்துவிடும். ஹெடரில் சுவடே இல்லை. கன்ஸ்ட்ரக்டரையும் டிஸ்ட்ரக்டரையும் ரன்டைமே அழைக்கும். டிஃபால்ட் கன்ஸ்ட்ரக்டர் இல்லாத வகை என்றால், இங்கே தாராளமாக யூனிக் பாயின்டரில் பொதியலாம்.

பழைய 32 பிட் மேக் ரன்டைமில் இது எடுபடாது. 2019-ல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் ஆப்களையே கைவிட்டது. அதனால் புதிதாக எழுதும்போது நான் எக்ஸ்டென்ஷன் பக்கம்தான். அதே உள்ளடக்கத்தைத் தனி சி++ கோடும் பயன்படுத்த வேண்டுமென்றால் மட்டும் பிம்பிள்.