சேவேஜ் 10எம்எல்-2: புகையற்ற மருந்தில் சுடும் முன்வழித் துப்பாக்கியோடு சில வேட்டைப் பருவங்கள்

குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் முன்வழித் துப்பாக்கியில் புகையற்ற மருந்தை இடுவதா என்று கேட்டால், விஷயம் தெரிந்த எவரும் முதலில் பதறுவார்கள். பதறத்தான் வேண்டும். கருமருந்துக்காகச் செய்த குழலில் புகையற்ற மருந்தை அதே அளவு அள்ளிப் போட்டால் அழுத்தம் எகிறிக் குழல் பிளந்துவிடும். அப்படி விரலையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. நான் எழுதுவது, புகையற்ற மருந்தைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஒரே ஒரு ரகத்தைப் பற்றி. கடையில் வாங்கும் வேறெந்த முன்வழித் துப்பாக்கிக்கும் இதில் ஒரு வரிகூடப் பொருந்தாது.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி பால் இதை உருவாக்கினார். சேவேஜ் துப்பாக்கி நிறுவனம் அதை 10எம்எல் என்ற பெயரில் 2000-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்து, 2010 வாக்கில் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. என்னிடம் இருப்பது 10எம்எல்-2, 0.50 அங்குலக் குழல் விட்டம், பழையதாக வாங்கியது. ஒஹாயோவில் வெள்ளை வால் மான் வேட்டைக்கு மட்டும் இதைப் பயன்படுத்துகிறேன்.

பெரும்பாலோர் வேகத்துக்கும் தூரத்துக்கும் ஆசைப்பட்டு இதை வாங்குகிறார்கள். என் கணக்கில் அவை இரண்டாம் பட்சம். ஒஹாயோவில் முன்வழித் துப்பாக்கிக்கான தனிப் பருவம் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. காலையில் உறைபனி, மதியம் தூறல், மாலையில் மறுபடி உறைபனி. கந்தகமும் கரியும் வெடியுப்பும் கலந்த கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக்கழிவாகக் குழலில் தங்குகிறது. அந்தக் கழிவு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஒரு தடவை சுட்டாலும் அன்று இரவே வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் மறுநாள் குழலுக்குள் துருப்பிடித்திருக்கும். வேட்டை முடிந்து, மானைக் கிழித்துச் சுத்தம் செய்து, கைகால் விறைத்து வீட்டுக்கு வந்தவனுக்கு அந்தக் கழுவல் பெரிய தண்டனை. புகையற்ற மருந்து அந்தத் தண்டனையிலிருந்து விடுதலை தருகிறது. எண்ணெய்த் துணியை இரண்டு முறை ஓட்டிவிட்டுப் படுத்துவிடலாம். முழுச் சுத்தம் வார இறுதிக்குக் காத்திருக்கும்.

அடுத்த லாபம், சுட்டபின் கண்ணுக்குத் தெரிவது. கருமருந்தில் சுட்டால் வெண்புகை எழுந்து முன்னால் நிற்கும். காற்றில்லாத காலையில் அது நகரவே நகராது. மான் எந்தப் பக்கம் ஓடியது, முன்னங்கால் மடிந்ததா, வால் நிமிர்ந்ததா தாழ்ந்ததா என்று எதுவும் தெரியாது. இந்தத் துப்பாக்கியில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) விட்டுக் கண்ணை எடுப்பதற்குள் எல்லாம் தெரிந்துவிடுகிறது. குண்டு பட்டதும் மான் முதுகை வளைத்துத் துள்ளினால் குண்டு பட்டது வயிற்றுப் பக்கம். பரண் மேலிருந்து உடனே இறங்கக் கூடாது, மணிக்கணக்கில் பொறுக்க வேண்டும். தலையைத் தாழ்த்தி, உடம்பைத் தரையோடு ஒட்டியபடி பாய்ந்து ஓடினால் பெரும்பாலும் இதயமோ நுரையீரலோ, அருகிலேயே கிடக்கும். காயம்பட்ட உயிரைத் தேடி எடுப்பது வேட்டைக்காரனின் கடன். அந்தக் கடனைத் தீர்க்க இந்தக் கண்பார்வை எவ்வளவு உதவுகிறது என்பதற்காகவே நான் இதற்கு முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

நான் இடுவது ஆக்யுரேட் 5744 என்ற புகையற்ற மருந்து, 43 கிரெய்ன் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடை அலகு). 250 கிரெய்ன் குண்டு பிளாஸ்டிக் உறையோடு. வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 2,250 அடி. இந்த அளவு இந்த ரகத்துக்கான கையேட்டின் வரம்புக்குள் வருவது. மற்றவர்கள் தங்கள் துப்பாக்கியின் கையேட்டைப் பார்க்காமல் என் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டாம். கருமருந்தைக் குவளையால் அளக்கிறார்கள். இதைத் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். நான் வீட்டு மேசையிலேயே நிறுத்து, சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்துவிடுகிறேன். காட்டுக்குள் அளவை என்ற பேச்சே இல்லை. மருந்தின் எடை குறைவு என்பதால், இதே வேகத்தைக் கருமருந்துக்குப் பதிலாக விற்கும் மாற்று மருந்துகளில் எட்டும் துப்பாக்கியைவிட உதையும் குறைவு.

கெட்டிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் உயிர் இதில்தான் இருக்கிறது. முதலில் குழல் காலியா என்று கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். என் கம்பியில் இரண்டு கோடுகள். ஒன்று, காலிக் குழலில் கம்பி அடிவரை இறங்கும்போது வாயோடு நிற்பது. மற்றது, மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்தபின் வாயோடு நிற்பது. பிறகு வெறும் பிரைமர் (மருந்துக்குத் தீ மூட்டும் சிறு தொப்பி) ஒன்றைச் சுட்டு, அந்தத் தீ உள்ளே போகும் தீத்துளையில் எண்ணெய் இருந்தால் எரித்துவிட வேண்டும். மருந்து, உறையிட்ட குண்டு, ஒரே சீரான அழுத்தத்தில் கீழே வரை. இரண்டாவது கோடு குழல் வாய்க்கு மேலே நின்றால் குண்டு முழுதாக இறங்கவில்லை, அல்லது மருந்து இருமுறை விழுந்திருக்கிறது. குண்டுக்கும் மருந்துக்கும் இடையே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வளையமாக வீங்கும், பிளக்கவும் கூடும். இருமுறை விழுந்த மருந்து அதைவிடக் கொடியது. கோடு பொருந்தாவிட்டால் நான் சுடுவதில்லை. பின்பக்க அடைப்பைக் கழற்றி எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். கடைசியாக, சுடும் இடத்துக்கு வந்தபிறகே பிரைமர், 209 என்ற ரகம்.

அந்தப் பிரைமரைக் குளிரில் கையாள்வதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. கையுறையோடு பிடிபடாது, கழற்றினால் விரல் மரத்துப்போகும். 209 பிரைமர் பயன்படுத்தும் எந்தத் துப்பாக்கிக்கும் இந்தத் தொல்லை உண்டு.

கோடைப் பயிற்சியில் பிளாஸ்டிக் உறை வேறு பாடம் சொல்கிறது. குழல் சூடேறினால் உறை இளகி, குண்டுகள் இலக்கில் சிதறிப் போகின்றன. ஒவ்வொரு சுடலுக்கும் இடையே குழலைத் தொட்டுப் பார்த்து, கை சூட்டை உணராத அளவுக்கு ஆறவிட வேண்டும். பொறுமையற்றவர்கள் துப்பாக்கியைக் குறை சொல்லிவிட்டு விற்றுவிடுகிறார்கள். ஆறவிட்டுச் சுட்டால் 100 கஜத்தில் குண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி விழுகின்றன. குளிரில் உறை கெட்டிப்பட்டு இறங்கச் சண்டை பிடிக்கும், துல்லியத்துக்குக் குறைவில்லை.

குண்டுத் தேர்வில் என் கருத்து உறுதியானது. கைத்துப்பாக்கிக்கென வடிவமைத்த ஈயக் குண்டுகள் உறைக்குள் அழகாகப் பொருந்துகின்றன, விலையும் மலிவு. ஆனால் இந்த வேகத்தில், அறுபது கஜத்துக்குள் தோளில் பட்டால், மலர்ந்து சிதறி அந்தப் பக்கத்து இறைச்சி முழுவதும் ரத்தம் கட்டிக் கூழாகிவிடுகிறது. சாப்பிடத்தானே சுடுகிறோம்? நான் பார்ன்ஸ் நிறுவனத்தின் முழுச் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். ஆறு இதழாக விரிந்தாலும் உடையாமல் ஊடுருவிப் போகிறது. மான்கறியில் ஈயத் துணுக்கு இருக்குமோ என்ற கவலையும் இல்லை. பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. தூரத்தைப் பொறுத்தவரை 150 கஜத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒஹாயோவின் துண்டு துண்டான காடுகளில் அதற்கு மேல் தேவைப்படுவதும் அரிது.

பராமரிப்பு: அடைப்பின் மரையில் கெட்டிப்படாத கிரீஸ், தீத்துளையில் படியும் கரியை எடுக்க விரலால் சுழற்றும் துளைப்பூசி, குழலில் ஒட்டும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். தீத்துளை அமைந்த சிறு திருகு சுடச்சுட அரிக்கப்பட்டுப் பெரிதாகும். அது மாற்றத்தக்க பாகம், கைவசம் உதிரி இருக்கட்டும். குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும். இந்தப் பருவத்தில் பிரைமரை எடுத்துவிட்டுக் குளிர்ந்த இடத்தில் பூட்டி வைக்கிறேன்.

மருந்து கிடைப்பது இன்னொரு தலைவலி. இந்தத் துப்பாக்கிக்குப் பலரும் விரும்பிய எஸ்ஆர் 4759 என்ற மருந்தின் தயாரிப்பே நின்றுவிட்டது. பின்லாந்திலிருந்து வரும் என்110 அவ்வப்போது கடைகளில் காணாமல் போகிறது. 2020, 2021-இல் பிரைமருக்கே பஞ்சம் வந்தது.

சட்டத்தை மாநிலத்துக்கு மாநிலம் தனியாகப் பார்க்க வேண்டும். கொலராடோவின் முன்வழிப் பருவத்தில் புகையற்ற மருந்துக்கும், பிளாஸ்டிக் உறைக்கும், ஸ்கோப்புக்கும் தடை. பென்சில்வேனியாவின் கிறிஸ்துமஸுக்குப் பிந்திய பருவம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கே உரியது. நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. கருமருந்துக்கென வடிவமைத்த முன்வழித் துப்பாக்கிகளுக்கு 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தரும் விலக்கு இதற்கும் பொருந்தும் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இன்று வாங்குவதானால் பழைய 10எம்எல்-2, அல்லது தனிப் பட்டறைகள் செய்து தரும் 0.45 அங்குலத் துப்பாக்கி. பின்னதற்கு விலை பல மடங்கு. முன்னதில் குழல் பிளந்து காயமடைந்தவர்கள் தொடுத்த வழக்குகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன என்பதை அறிந்தே வாங்குங்கள். விற்பவர் என்ன மருந்து, எவ்வளவு இட்டார் என்று கேளுங்கள். குழலின் வெளிப்புறத்தை விரலால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். பிறகு கம்பி முனையில் இறுக்கமான துணியைச் சுற்றி மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஓரிடத்தில் சட்டென்று பிடி தளர்ந்து, மறுபடி இறுகினால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.