பல்கலைக்கழக அறிக்கைகளுக்கு மெட்டாபேஸ்: இலவசப் பதிப்பு எதுவரை தாங்கும்?

"இந்த செமஸ்டரில் எத்தனை மாணவர்கள்?" என்று கேட்டால் பதிவாளர் அலுவலகம் ஓர் எண்ணைச் சொல்லும். பெண்டஹாரி (நிதி) அலுவலகம் வேறோர் எண்ணைச் சொல்லும். புலத்தின் எக்செல் கோப்பில் மூன்றாவது எண் ஒன்று இருக்கும். உயர்கல்வி அமைச்சுக்கோ எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) மதிப்பீட்டுக்கோ அறிக்கை போகவேண்டிய நாள் நெருங்கும்போது மூன்றும் மோதும். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு வளாகத்தின் கணினிப் பிரிவு இதற்காகச் சொந்தமாக ஓர் இணைய அறிக்கை முறை கட்ட நினைத்தால், தரவுத்தளத்திலிருந்து அறிக்கையும் வரைபடமும் எடுத்துக் காட்டும் மெட்டாபேஸ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு கண்ணில் படாமல் போகாது. திரையில் காட்டும் வேலைக்கு அது மிக நல்ல கருவி. மூன்று எண்களை ஒன்றாக்கும் வேலையோ அதற்கு அடியில், தரவுத்தளத்தில் நடக்க வேண்டியது. அதை முடிக்காமல் மேலே டேஷ்போர்டு போட்டால், தவறான எண்ணை இன்னும் அதிகம் பேர் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

நிறுவுவதில் சிரமம் இல்லை. ஏஜிபிஎல் உரிமத்தில் வரும் திறந்த மூல மென்பொருள் இது. டாக்கரிலும் (மென்பொருளை கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடும், தனி ஜாவா கோப்பாகவும் ஓடும், 3000ஆம் போர்ட்டில் திறக்கும். தொடக்கத்துக்கு 2 கோர், 4 ஜிபி நினைவகம் உள்ள சர்வர் போதும். அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. கேள்விகள், டேஷ்போர்டுகள், பயனர் கணக்குகள் எல்லாவற்றையும் மெட்டாபேஸ் இயல்பாக எச்2 என்ற சிறு கோப்பில் சேமிக்கிறது. டாக்கர் கன்டெய்னரை அழித்துப் புதிதாக ஏற்றும்போது அந்தக் கோப்பும் சேர்ந்து போய்விடும். முதல் நாளிலேயே போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் தனித் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, மெட்டாபேஸின் சொந்தச் சேமிப்பை அங்கே திருப்பிவிடுங்கள். இணைப்புக் கடவுச்சொற்களை மறையாக்கம் செய்யும் ரகசியச் சாவியையும் அப்போதே அமைத்து, வேறிடத்தில் ஒரு நகல் வையுங்கள். மாணவர் பதிவு முறை ஆரக்கிளில் இருந்தால் கூடுதலாக ஒரு வேலை: உரிமக் காரணத்தால் ஆரக்கிள் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி கோப்பு உடன் வராது, அதை நீங்களே இறக்கி பிளகின்ஸ் ஃபோல்டரில் போட வேண்டும்.

நேர மண்டலத்தை ஆசியா/கோலாலம்பூர் என்று வைக்க மறக்கக் கூடாது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை நடந்த பதிவுகளெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழும். பாடப்பதிவு முடியும் நாளில் இது எண்ணையே மாற்றிவிடும். நேர மண்டலக் குறிப்பு இல்லாத நெடுவரிசைகளை இந்த அமைப்பு திருத்தாது என்பதால், நேரத்தை மண்டலத்தோடு சேமிப்பதே பாதுகாப்பு.

இனி, உண்மையான வேலை. நடப்பு மாணவர் அட்டவணையை நேரடியாக மெட்டாபேஸோடு இணைக்காதீர்கள். அந்த அட்டவணை ஒவ்வொரு நாளும் மாறும்: ஒருவர் படிப்பை ஒத்திவைப்பார், ஒருவர் துறை மாறுவார், ஒருவர் விலகுவார். மார்ச்சில் எடுத்த அறிக்கையை ஜூனில் மறுபடி எடுத்தால் அதே செமஸ்டருக்கு வேறு எண் வரும். எது சரி என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பாடம் சேர்க்கவும் நீக்கவும் உள்ள காலம் முடிந்த மறுநாளைக் கணக்கெடுப்பு நாளாகக் குறித்து, அன்றைய நிலையைத் தனி அட்டவணையில் உறையவைக்க வேண்டும். ஒரு மாணவருக்கு ஒரு செமஸ்டருக்கு ஒரு வரி. 20,000 மாணவர்கள், ஆண்டுக்கு 2 செமஸ்டர், 10 ஆண்டுகள் என்று வைத்தாலும் 4 லட்சம் வரிகள்தான்; போஸ்ட்கிரெஸுக்கு அது சுமையே இல்லை. பதிவு நிலை, கட்டண நிலை, ஒத்திவைப்பு நிலை மூன்றையும் தனித்தனி நெடுவரிசைகளாக வையுங்கள். பாடம் பதிந்தவர், கட்டணம் செலுத்தியவர், இரண்டும் செய்தவர் என்ற மூன்று எண்களும் அப்போது ஒரே இடத்திலிருந்து, தத்தம் பெயரோடு வரும். முதலில் சொன்ன மோதல் அங்கேதான் தீர்கிறது. யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) போல மிண்டன், நிபோங் திபால், குபாங் கெரியான் என்று பிரிந்திருக்கும் அமைப்பில் வளாகம், புலம், படிப்பு மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்க முயலக் கூடாது.

மலேசியத் தரவுக்கே உரிய சில சிக்கல்களை எந்தக் கையேட்டிலும் பார்க்க முடியாது. மைகார்டு (அடையாள அட்டை) எண் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி, ஆண்டு முன்னால் வரும். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் பூஜ்ஜியத்தில் தொடங்கும். அந்த நெடுவரிசை எண் வகையாக இருந்தால் முன்பூஜ்ஜியம் உதிர்ந்து, மற்றோர் அட்டவணையோடு பொருந்தாது. இன்று இளங்கலையில் இருப்பவர்களில் பெரும்பகுதி இந்தத் தலைமுறைதான்! உரை வகையாகவே சேமியுங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தாலும் இதே சேதம் நடக்கும். எக்செல் வடிவத்திலேயே பதிவிறக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு மைகார்டு கிடையாது, கடவுச்சீட்டு எண்ணோ புதுப்பிக்கும்போது மாறிவிடும். ஆகவே அட்டவணைகளை இணைக்கும் சாவி மெட்ரிக் எண்ணாகத்தான் (பல்கலைக்கழகம் தரும் மாணவர் எண்) இருக்க வேண்டும். பெயரை வைத்து இணைப்பதை அடியோடு மறந்துவிடுங்கள். நம் பிள்ளைகளின் பெயரில் வரும் ஏ/எல், ஏ/பி (மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) ஓர் அலுவலகத்தில் சாய்கோட்டோடும் இன்னொன்றில் இடைவெளியோடும் இருக்கும், மற்றொன்றில் இருக்கவே இருக்காது. ஒரே மாணவி இரண்டு பேராக எண்ணப்படுவது இப்படித்தான். குடும்பப்பெயர் என்ற நெடுவரிசையைக் கேட்கும் படிவங்கள் நமக்கு எப்போதும் பிழையைத்தான் தரும்.

அடித்தளம் சரியாக இருந்தால் மெட்டாபேஸ் மனதைக் கவர்கிறது. தரவுத்தளத்தைக் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் மொழி தெரியாத துணைப் பதிவாளர்கூட வடிகட்டி, தொகுத்து, வரைபடமாக்கிவிடலாம். ஒருமுறை சரிபார்த்த வரையறையை மாடலாகச் சேமித்தால் எல்லாரும் அதன்மேலேயே கேள்வி கேட்பார்கள். வாராந்தர அறிக்கை மின்னஞ்சலில் தானாகப் போகும். திரையில் 2,000 வரிகள்தான் தெரியும். முழுப் பட்டியலுக்குப் பதிவிறக்க வேண்டும். பயனர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "மாணவர்களைக் காணோம்" என்று தொலைபேசி வரும்.

பெரிய குறை அனுமதியில். ஒவ்வொரு புலத்தலைவரும் தம் புலத்தின் வரிகளை மட்டும் பார்க்கும் வரிநிலைப் பாதுகாப்பு கட்டணப் பதிப்பில்தான் உண்டு. சாமல் வழி ஒற்றை உள்நுழைவும் (ஒரே கணக்கில் எல்லா முறைகளிலும் நுழைவது) அப்படியே. எல்டாப் (மையப் பயனர் பட்டியலோடு இணையும் முறை), கூகுள் உள்நுழைவு இரண்டும் இலவசத்தில் வேலை செய்யும். டேஷ்போர்டில் புலம் என்ற வடிகட்டி வைத்துவிட்டால் பூட்டிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். பார்ப்பவர் அதை மாற்றிக்கொள்ளலாம். இலவசத்தில் செய்யக்கூடியது இது: போஸ்ட்கிரெஸில் புலத்துக்கு ஒரு வியூ (தேவையான வரிகளை மட்டும் காட்டும் மெய்நிகர் அட்டவணை), அதை மட்டும் படிக்கக்கூடிய தனிப் பயனர் கணக்கு, மெட்டாபேஸில் அந்தக் கணக்கோடு தனி இணைப்பு, தனிக் குழு, தனி கலெக்‌ஷன். முக்கியம்: எல்லாப் பயனர்களும் இருக்கும் பொதுக் குழுவின் அனுமதியை முதலில் எடுத்துவிடுங்கள். அனுமதிகள் ஒன்றின்மேல் ஒன்று கூடுமே தவிரக் குறையாது. அந்தக் குழு திறந்திருந்தால் மற்ற பூட்டுகள் எல்லாம் வீண். நான்கைந்து புலங்களுக்கு இந்த வழி சரி. பதினைந்து புலங்கள் என்றால் பராமரிப்பில் மூச்சு முட்டும். அங்கே இதே வேலையைச் செய்யும் இன்னொரு திறந்த மூலக் கருவியான அப்பாச்சி சூப்பர்செட் பொருத்தம். வரிநிலைப் பாதுகாப்பு அதில் இலவசம், ஆனால் நிறுவுவதும் பழகுவதும் கடினம். மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐ புரோவுக்கு 2025 ஏப்ரல் முதல் பட்டியல் விலை ஒரு பயனருக்கு மாதம் 14 அமெரிக்க டாலர். மைக்ரோசாஃப்ட் 365 ஏ5 ஏற்கெனவே வாங்கியிருக்கும் வளாகத்துக்கு அது உடன் வருகிறது. அப்படி இருந்தால் முதலில் அதைப் பார்ப்பதே நியாயம்.

மெட்டாபேஸின் பொது இணைப்பு (பப்ளிக் லிங்க்) வசதியை நிர்வாக அமைப்பில் அணைத்துவிடுங்கள். இணைப்பு கையில் உள்ள எவரும் கடவுச்சொல் இல்லாமல் பார்க்கலாம் என்பதே அதன் பொருள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இன் கீழ் வரும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு 2025 ஜூன் முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்தில் ஆணையரிடம் தெரிவிக்கும் கடமையும் சேர்ந்திருக்கிறது. கடவுச்சொல் போட்டு மட்டும் தடுக்க முடியாத கசிவும் ஒன்று உண்டு. படிப்பு, இனம், பாலினம் மூன்றாலும் பிரித்து சராசரி சிஜிபிஏ (ஒட்டுமொத்தத் தரப்புள்ளி) காட்டும் அட்டவணையில், ஒரு சிறிய படிப்பில் இந்திய மாணவி ஒருவர் மட்டும் இருந்தால் அந்தச் சராசரி அவருடைய மதிப்பெண்ணேதான். நம் பிள்ளைகள் பல படிப்புகளில் ஒருவர், இருவராகத்தான் இருக்கிறார்கள். ஐந்துக்குக் குறைவான குழுக்களை வியூவிலேயே மறைத்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ஒரு கோடு மட்டும் வரட்டும். மறைத்ததை மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடாதபடி, அதே வரிசையில் இன்னொரு கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும்.