கேட் (Kate) டெக்ஸ்ட் எடிட்டர்: ஃபைல் மாறுனா உடனே சொல்லுது, மெனுவும் இழுக்கல

காரைக்குடி கல்லூரி ரோட்டுப் பக்கம் டிடிபி வேலை பாக்குறவங்களுக்குத் தெரியும், தீசிஸ் சீசன் வந்துட்டா அழகப்பா யுனிவர்சிட்டி பசங்க வந்து நின்னுருவாங்க, ஒரே லேடெக்ஸ் (கட்டளை எழுதிப் பக்கம் வடிவமைக்கிற முறை) ஃபைல ரெண்டு பேரு தொறந்து வச்சுத்தான் வேலை ஓடும். ஃபைல் என் லினக்ஸ் மெஷின்ல, தம்பி பக்கத்து சீட்டுலேருந்து நெட்வொர்க் ஷேர் வழியா திருத்துவான். "அண்ணே, மூணாம் சாப்டர் டேபிள மாத்திட்டேன், நீங்க சேவ் குடுத்துறாதீங்க"ன்னு கத்திக்கிட்டே இருப்பான்.

முன்னாடி வச்சிருந்த எடிட்டர் (பேரு வேணாம்) ஃபைல் மெனுவ தொறந்தாலே திக்கும். என்னன்னா, 'ரீலோட்'ங்கிற ஐட்டத்த காட்டணுமா மங்கலா வைக்கணுமான்னு முடிவு பண்ண, ஒவ்வொரு தடவையும் ஃபைல முழுசா படிச்சு செக்சம் (உள்ளடக்கத்த வச்சுக் கணக்குப் போடுற ஒரு அடையாள எண்) போடும். யாரு கதவத் தட்டுனாலும் பெட்டகத்தத் தொறந்து நகைய எல்லாம் எண்ணிப் பாக்குற மாதிரி. அதுவும் ஷேர்ல இருக்குற பெரிய ஃபைல்னா கேக்கவே வேணாம்.

இப்ப வச்சிருக்குற கேட்ல அந்தப் பிரச்சினை இல்ல. லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்ல 2005லயே ஐநோட்டிஃபைன்னு ஒரு வசதி வந்துருச்சு, ஃபைல் மாறுனா கெர்னலே தகவல் குடுக்கும், கேட் அதத்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கு, தகவல் வந்ததும் ஒரு கண்சிமிட்டு நேரம் பொறுத்து உள்ளடக்கத்தோட ஹேஷ (இதுவும் செக்சம் மாதிரி அடையாள எண்தான்) ஒருக்கா ஒப்பிட்டுப் பாக்கும், தேதி மட்டும் மாறி எழுத்து அப்படியே இருந்தா வாயே தொறக்காது. இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா சும்மா சும்மா 'மாறிருச்சு மாறிருச்சு'ன்னா நாமளும் பாக்காமலே அமுக்க ஆரம்பிச்சுருவோம். மெனுவுக்கு இதுல வேலையே கிடையாது, டக்குனு தொறக்குது.

நெசமாவே மாறியிருந்தா மேல ஒரு பட்டை வரும், வித்தியாசத்தப் பாரு, ரீலோட் பண்ணு, கண்டுக்காதன்னு பட்டன் இருக்கும். தம்பி டேபிள்ல ஒரு தசமப் புள்ளிய மாத்துனாக்கூட வித்தியாசத்துல அந்த வரி பளிச்சுன்னு தெரியுது.

குறை இல்லாம இல்ல. ரெண்டு பேரும் மாத்தியிருந்தா வித்தியாசத்தக் காட்டுமே தவிர சேத்துக் குடுக்காது, அத நாமதான் கையால பண்ணணும், அவசரத்துல ரீலோட் அமுக்குனா சேவ் பண்ணாதது போயிரும். அப்புறம் ஐநோட்டிஃபை அந்தந்த மெஷின்ல நடக்குற மாற்றத்த மட்டும்தான் பாக்கும். தம்பி சேவ் குடுத்தா டிஸ்க்ல எழுதுறது என் மெஷின்தான், அதனால எனக்கு உடனே வருது, நான் மாத்துனது அவனுக்கு அப்படி வராது. லினக்ஸ்ல நெட்வொர்க் ட்ரைவுக்கு பெரும்பாலும் அப்பப்ப தேதியப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும்.

காசு கிடையாது, விண்டோஸுக்கும் இருக்கு. ஆனா அதுல போடுறவங்க ரெண்டு ஃபைல ஒப்பிடுற டிஃப் புரோகிராம தனியா போட்டு பாத்ல (விண்டோஸ் புரோகிராமத் தேடுற ஃபோல்டர் பட்டியல்) சேத்துக்கங்க, இல்லாட்டி வித்தியாசம் பாக்குற பட்டன அமுக்குனா டிஃப் கிடைக்கலன்னு மெசேஜ்தான் வரும்.